மடல் இழை: தெருவோரச் சார்ஜிங் பாயிண்ட்டுக்குத் தமிழில் என்ன?

திங்கள், இரவு
லண்டனிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு அவசர உதவி. இங்கே ஒரு கவுன்சில், அதாவது ஊர் நிர்வாகம், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்காக நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்றைப் பல மொழிகளில் போடுகிறது. தமிழ் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளி மாலை அச்சுக்குப் போகவேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஈஸ்ட்ஹாம், டூட்டிங் போன்ற நம்மவர்கள் கூடுதலாக இருக்கிற பகுதிகளில் பழைய வரிசை வீடுகள் நிறைய. வாசலோடு நடைபாதை, அதை அடுத்துத் தெரு. கார் தெருவில்தான் நிற்கும். வீட்டு பிளக்கிலிருந்து வயரை நடைபாதைக்குக் குறுக்கே இழுத்தால் யாராவது தடக்கி விழுவார்கள், கவுன்சிலும் விடாது. அதனால் கவுன்சிலே தெருவிளக்குத் தூணில் ஒரு சின்னச் சொக்கட் பொருத்திவிடுகிறது. நாங்கள் வயரைக் கொண்டுபோய்ச் செருக வேண்டியதுதான். 2017இல் இதற்கு அரசு மானியம் தொடங்கியது. பிறகு இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கென்றே 38.1 கோடி பவுண் நிதியும் ஒதுக்கினார்கள். பணம் வந்தது, தூண்கள் வந்தன, துண்டறிக்கை வந்தது, எனக்குத்தான் சொல் வரவில்லை.

ஆங்கில மூலத்தில் 'சார்ஜ்' என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. காருக்கு மின்சாரம் ஏற்றுவது சார்ஜ். அதற்குக் கட்டும் காசும் சார்ஜ். ஏற்றி முடிந்தும் காரை எடுக்காமல் விட்டால் வீட்டுக்கு வருகிற தண்டக் கடிதத்தின் பெயர் பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். மூன்றும் ஒரே பத்தியில் வருகின்றன. தமிழில் மூன்றையும் பிரித்துவிடலாம் என்பதுதான் என் ஒரே ஆறுதல்.

எனக்கு வேண்டியவை: தெருவோரச் சார்ஜிங் பாயிண்ட், அதற்கு முன்னால் கோடு போட்டிருக்கும் கார் நிறுத்தும் கட்டம், சொக்கட் வைத்த விளக்குத் தூண், அப்புறம் சில கவுன்சில்கள் நடைபாதையில் வெட்டித் தருகிற, வயரைப் பதித்து மூடுகிற ஒடுக்கமான பள்ளம். நாலே சொல்.

செவ்வாய், காலை
மதுரையிலிருந்து

அக்கா, இதற்கு இழையே வேண்டாம். 'மின்னேற்றி' என்று போடுங்கள். கைப்பேசிச் சார்ஜருக்கு நாங்கள் மென்பொருளில் பத்து வருடமாக அதைத்தான் போடுகிறோம். இடத்தைச் சொல்ல 'மின்னேற்று நிலையம்'. முடிந்தது. யாராவது 'பழையன கழிதலும்' என்று தொடங்குவதற்குள் மொழிபெயர்த்து முடித்துவிடுங்கள்.

செவ்வாய், நண்பகல்
தென்காசியிலிருந்து

அன்புடையீர்,

தம்பி முடிந்தது என்கிறார். இன்னும் தொடங்கவே இல்லை.

'ஏற்று' என்பது கீழிருப்பதை மேலே வைத்தல். மலையேற்றம், கொடியேற்றம், விலையேற்றம். வண்டியில் சுமையேற்றுகிறோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்கேற்றுகிறோம் என்பதையும் நினைக்க வேண்டும். அங்கே ஏற்றுதல் என்றால் கொளுத்துதல். விளக்குத் தூணருகே 'மின்னேற்றும் இடம்' என்று எழுதி வைத்தால், இங்கேதான் விளக்குப் போடுவார்கள் போலும் என்று படிப்பவன் போய்விட மாட்டானா?

'ஊட்டு' என்பாரும் உளர். உண்பதன் பிறவினை ஊட்டுவது. வண்டி என்ன கைக்குழந்தையா?

வண்டியில் பாரம் இடுவதற்கு நம்மிடம் பழைய வினை ஒன்று இருக்கிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளில் (475) 'பெய்' என்பது ஏற்றுதல்தான். மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மீறிப் பெய்தால் வண்டியின் அச்சு முறியும். வண்டி, பாரம், அளவு மூன்றும் அந்தக் குறளிலேயே இருக்கின்றன. எனவே என் முன்மொழிவு 'மின்பெய்யிடம்'. ஏற்றுவது 'மின்பெய்தல்'. நன்னூல் விதியெல்லாம் ஒத்துவருகிறது.

இன்னொன்று. அது இலண்டன், லண்டன் அன்று.

செவ்வாய், மாலை
மதுரையிலிருந்து

ஐயா, 'மின் பெய்கிறது' என்றால் இடி மழைக்கு வீட்டுக்குள் ஓடுவார்கள்.

செவ்வாய், இரவு
திருச்சியிலிருந்து

நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவன். எங்கள் பாடநூலில் 'மின்னூட்டம்' என்பது பொருளின் ஒரு பண்பு, கூலூமில் அளப்பது. சார்ஜ் போடுவதற்கும் அதே சொல்லை வைத்தால் வகுப்பில் மாட்டிக்கொள்வது நான்தான். கார் மின்கலத்துக்கு நீங்கள் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டாலும் அதன் மொத்த மின்னூட்டம் சுழிதான். ஒரு முனையில் எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவும் மறுமுனையில் வெளியேறுகிறது. சேர்வது ஆற்றல். கணக்குப் போடுவதும் கிலோவாட் மணியில்தான், கூலூமில் இல்லை. பிரிட்டனிலும் ஒரு கிலோவாட் மணிக்கு இத்தனை பென்னி என்றே விலை காட்டவேண்டும் என்று 2023 விதிகள் சொல்கின்றன.

ஆகவே 'ஆற்றல் நிரப்பி'. இடம் 'ஆற்றல் நிரப்பகம்'.

புதன், காலை
பருத்தித்துறையிலிருந்து

திருச்சி ஆசிரியருக்கு: நாங்கள் படித்த புத்தகத்தில் உங்கள் மின்னூட்டத்துக்குப் பெயரே மின்னேற்றம்தான். ஆகவே அந்தச் சிக்கல் எங்களுக்கும் உண்டு, சொல்தான் வேறு. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் ஒருவரும் செத்துப்போகவில்லை. உங்கள் ஊர்ப் பத்திரிகையில் மின்தடை என்றால் கரண்ட் இல்லை. உங்கள் பாடநூலில் மின்தடை என்றால் ஓமில் அளப்பது. எந்த மாணவராவது 'நாளை காலை 9 மணி முதல் மின்தடை' என்ற அறிவிப்பைப் பார்த்து ஓம் விதியை எழுதினாரா?

தங்கச்சிக்கு: கட்டத்துக்குத் 'தரிப்பிடம்' என்று போடுங்கோ. 'நிறுத்துமிடம்' என்று போட்டால் லண்டனில் இருக்கிற எங்கட சனம் பஸ் நிறுத்தத்தைத் தேடும். உள்ளாட்சி என்றும் எழுதாதேங்கோ. எங்களுக்கு அது உள்ளூராட்சி. சரியாகச் சொன்னால் அங்கே இரண்டுமில்லை, கவுன்சில்தான்.

சொல் ஆக்குவதென்றால் ஏன் வினையையே பிடித்துத் தொங்குகிறோம்? வழிப்போக்கருக்கு ஊர் செய்துவைத்த வசதிகளுக்கு எங்களிடம் பெயர்கள் இருக்கின்றனவே. இங்கே தெருமூடி மடம் இன்னும் நிற்கிறது. தெருவே அதற்குள்ளால்தான் போகிறது. பழைய மடங்களுக்குப் பக்கத்தில் மூன்றைப் பார்க்கலாம்: மாடு தண்ணீர் குடிக்கத் தொட்டி, அது முதுகு தேய்க்க ஆவுரஞ்சிக் கல், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. அந்தக் காலத்து வண்டிக்குச் சார்ஜ் போடும் இடம் அதுதான். மாடு தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வண்டிக்காரர் மடத்தில் கண்ணயர்வார். 'மின்மடம்' என்றால் யாருக்குப் புரியாது?

புதன், காலை
மதுரையிலிருந்து

அண்ணா, அருமை. ஆனால் மின்மடம் என்றால் இங்கே சாமியார் இருப்பார். 'மின்சாவடி' வேண்டுமானால் ஓடும். சுங்கச்சாவடி பழகிய சொல். ஆனால் அதைக் கேட்டதுமே கை பர்ஸுக்குப் போகும்.

புதன், மாலை
சிங்கப்பூரிலிருந்து

எல்லாரும் பெயரில் இருக்கிறீர்கள், எண்ணிக்கையை மறந்துவிட்டீர்கள். இங்கே 2030க்குள் 60,000 என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. 60,000 என்ன? சார்ஜிங் பாயிண்ட்கள், நிலையங்கள் இல்லை. அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் பெட்டி ஒன்று, அதில் இரண்டு வயர் என்றால் நிலையம் ஒன்று, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கார். பிரிட்டன் 2022இல் 3,00,000 என்று சொன்னதும் நிலையக் கணக்கில்லை. 'மின்னேற்று நிலையம்' என்று எழுதினால் எண் தப்பாகிவிடும். லண்டன் அக்காவின் தூணில் ஒரே துளை. அதை நிலையம் என்றால் பாவம், தூணே சிரிக்கும். பெட்டிக்கு, துளைக்கு, வளாகத்துக்கு என்று மூன்று சொல் வேண்டும். எங்கள் பக்கம் 'மின்னூட்டு' பழகிவிட்டது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

புதன், இரவு
லண்டனிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. நாலு சொல் கேட்டேன், பதினொன்று வந்திருக்கிறது.

இன்றைக்குச் சின்னதாக ஒரு சோதனை செய்தேன். பக்கத்து வீட்டு மாமிக்கு எழுபது வயது. மகன் வாங்கிக் கொடுத்த மின்சாரக் காரை மாமாதான் ஓட்டுகிறார். ஒவ்வொரு சொல்லாக அவவிடம் வாசித்துக் காட்டினேன். 'மின்பெய்யிடம்' என்றதும் "ஆர் பிள்ளை, பேயோ?" என்று கேட்டா. 'ஆற்றல் நிரப்பகம்' யோகா வகுப்பு என்று நினைத்துவிட்டா. 'மின்மடம்' என்றதும் சிரித்தா, ஆனால் விளங்கவில்லை. 'மின்னேற்றும் தரிப்பிடம்' என்றதும் சற்று யோசித்துவிட்டு, "ஓ, சார்ஜ் போடுற இடமோ?" என்றா.

விளக்குத் தூணுக்கு முதலில் மின்கம்பம் என்று எழுதியிருந்தேன். 'மின்கம்பத்தில் வயரைச் செருகவும்' என்பதை வாசித்த மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கொக்கி போடச் சொல்லுறாங்களோ?" என்று கேட்டார். கவுன்சிலே மின்சாரம் களவெடுக்கச் சொல்லித் துண்டறிக்கை விட்ட மாதிரி ஆகியிருக்கும். 'தெருவிளக்குத் தூண்' என்று மாற்றிவிட்டேன்.

வேறொரு இடத்தில் முட்டி நிற்கிறேன். வேகத்தில் மெது, வேகம், விரைவு, அதிவிரைவு என்று நாலு வகை. விளக்குத் தூண் பெரும்பாலும் 5.5 கிலோவாட்டுக்கு மேல் போகாது, அது மெது. 8இலிருந்து வேகம். 50இலிருந்து விரைவு. 150இலிருந்து அதிவிரைவு. வேகத்துக்கும் விரைவுக்கும் என்ன வித்தியாசம் என்று மாமா கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

வியாழன், காலை
மதுரையிலிருந்து

ரயில் கணக்கில் வைத்துவிடுங்கள் அக்கா. விளக்குத் தூண் பாசஞ்சர். ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் போய்ச் சேரும். 50 கிலோவாட் மணி மின்கலத்துக்கு 5 கிலோவாட்டில் பத்து மணி நேரம். மற்றவை விரைவு வண்டி, அதிவிரைவு வண்டி. விளையாட்டு போதும்: பெயரை விட்டுவிட்டு 'இரவு முழுவதும்', 'சில மணி நேரம்', 'ஒரு மணி நேரத்துக்குள்' என்று நேரத்தையே எழுதுங்கள்.

வியாழன், நண்பகல்
தென்காசியிலிருந்து

ஒரு மூதாட்டிக்கு விளங்கவில்லை என்பது சொல்லின் குறையாகாது. 'பேருந்து' வந்தபோதும் சிரித்தார்கள். 'சார்ஜ் போடுற இடம்' என்பதே தமிழென்றால் நாம் எதற்கு இழை நடத்துகிறோம்? 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ' என்ற தொல்காப்பியர் வழியில் போனாலும் 'சார்ச்சு' என்றாவது எழுதுக. ஜகரம் வேண்டா.

ஆயினும் கொக்கி பற்றிய எச்சரிக்கை நியாயமானது. அதை ஏற்கிறேன்.

வியாழன், மாலை
பருத்தித்துறையிலிருந்து

புலவர் ஐயா 'ஏற்கிறேன்' என்று எழுதிவிட்டார்! ஏற்று என்ற வினையை அவரே ஒப்புக்கொண்டதாகப் பதிவு செய்கிறேன்.

அந்த நடைபாதைப் பள்ளத்துக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லையே. தச்சு ஆசாரிமார் பலகையில் வெட்டுகிற ஒடுக்கமான பள்ளத்தைக் காடி என்பார்கள். 'நடைபாதைக் காடி'. வயர் அதற்குள் பதிந்துவிடும், மேலே மூடி. அளவான சொல்.

வியாழன், மாலை
சிங்கப்பூரிலிருந்து

காடி என்றால் வினிகர் இல்லையா? நடைபாதையில் வினிகர் ஊற்றுவதாக நினைக்கப் போகிறார்கள்.

வியாழன், இரவு
லண்டனிலிருந்து

சரி, நாளைக்கு அச்சு. முடிவை எழுதிவிடுகிறேன். கோபிக்க வேண்டாம்.

தலைப்பில் 'மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடும் இடங்கள்'. உள்ளே முதல் தடவை வரும்போது 'மின்னேற்றி, அதாவது சார்ஜ் போடும் கருவி'. பிறகு மின்னேற்றி மட்டும். ஒரு தூண், ஒரு துளை, ஒரு மின்னேற்றி. சிங்கை நண்பரின் மூன்று சொல் எனக்கு இந்த நாலு பக்கத்துக்குள் வேண்டியிருக்கவில்லை. கட்டத்துக்கு 'மின்னேற்றும் தரிப்பிடம்'. காசு 'கட்டணம்', பெனால்டி 'தண்டம்'. காடியை ஆசாரி வீட்டில் பிறந்த ஒருவரிடம் கேட்டேன், உடனே விளங்கிக்கொண்டார். மற்ற யாருக்கும் விளங்கவில்லை. ஆகவே 'நடைபாதையில் வயர் பதிக்கும் பள்ளம்' என்று நீட்டி, பக்கத்தில் படம் போடச் சொல்லிவிட்டேன்.

அதிக நேரம் எடுத்தது கலைச்சொல்லே இல்லாத ஒரு வசனம்: 'ஏற்றி முடிந்ததும் காரை எடுத்துவிடுங்கள்; அடுத்தவர் காத்திருப்பார்.' மூலத்தில் இதற்கு மூன்று வரி, நாலு சார்ஜ். எங்கள் தெருவிலேயே அந்தக் கட்டத்துக்குள் ஒரு பெட்ரோல் கார் இரண்டு நாளாக நிற்கிறது. அதற்கு எந்தச் சொல் விளங்கும் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளி, காலை
திருச்சியிலிருந்து

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கட்டணத்தைக் 'கிலோவாட்டுக்கு இத்தனை பென்னி' என்று எழுதிவிடாதீர்கள். கிலோவாட் மணி. 'மணி' விழுந்தால் பொருளே விழுந்துவிடும்.

வெள்ளி, காலை
லண்டனிலிருந்து

ஐயோ, இரண்டு இடத்தில் விழுந்திருந்தது. இப்போதுதான் திருத்தினேன். நன்றி சேர்.

ஞாயிறு, இரவு
தென்காசியிலிருந்து

அச்சாகியிருக்கும் என்று அறிவேன். இருந்தாலும் பதிவுக்காக: 'மின்னேற்றி' என்பது கருவியையும் குறிக்கும், ஏற்றும் ஆளையும் குறிக்கும். 'மின்னேற்றி வந்தான்' என்றால் அவன் காருக்குச் சார்ஜ் போட்டுவிட்டு வந்தானா, அல்லது மின்னேற்றி என்ற பெயருடையவன் வந்தானா? 'மின்பெய்வி' என்று கொண்டால் இந்த மயக்கம் வராது. இரண்டாம் பதிப்பு வந்தால் கருதுக.