நியூஜெர்சி ஏன் இழுபறியானது? எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

(மணி எல்லாம் நியூஜெர்சி மணி. ராஜேந்திரன் பெரியப்பா மட்டும் கும்பகோணத்தில். நித்யா அவர் மகள், லதா என் அத்தை, சேகரும் மீனாவும் என் அப்பா அம்மா. நடுவில் வந்த ‘இனிய காலை’ ரோஜாப்பூ படங்களை எடுத்துவிட்டேன். கார்த்திக்)

குழு: காவிரிக்கரை வீடு

ஞாயிறு, 8 டிசம்பர் 2024

[8:42] ராஜேந்திரன்: எல்லாருக்கும் வணக்கம். இங்கே புயல் மழை விட்டாச்சு, கொல்லையில் மட்டும் இன்னும் தண்ணீர் நிற்கிறது. சேகர், நூலகத்தில் ஒரு பேச்சு வந்தது. நியூஜெர்சி ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்று 25 வருஷமாக நீ சொல்கிறாய். அங்கேயே இந்த அதிபர் தேர்தலில் உங்கள் கட்சியின் கமலா ஹாரிஸ் 6 சதவீத வித்தியாசத்தில்தான் ஜெயித்திருக்கிறாராமே. 2020இல் பைடனுக்கு 16 இருந்ததாம். என்ன ஆச்சு?

[8:44] லதா: பெரியண்ணா, துளசேந்திரபுரத்தில் பேனரை எடுத்துவிட்டார்களா?

[8:46] ராஜேந்திரன்: அந்தப் பக்கம் நான் போகவில்லை லதா. ஓட்டு எண்ணுவதற்கு முன்னாலேயே சாஸ்தா கோயிலில் பூஜை எல்லாம் போட்டார்கள். கமலாவின் தாத்தா பிறந்த ஊர் என்ற ஒரே பாத்தியத்துக்கு இவ்வளவு. எடிசனில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள் என்ன செய்தீர்கள்?

[8:53] சேகர்: அண்ணா, கோட்டை என்பதே பாதிதான் உண்மை. 1968இலிருந்து 1988 வரை ஆறு அதிபர் தேர்தலிலும் இங்கே ரிபப்ளிகன்தான் (இப்போது ட்ரம்ப் இருக்கும் கட்சி) ஜெயித்தார்கள். 1992இல் ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் வந்துதான் மாறியது, அதுவும் 2 சதவீதச் சொச்சத்தில். நான் 98இல் வந்து இறங்கினேன், அதனால் எனக்கு ஆதிகாலத்திலிருந்தே அப்படி என்று தோன்றியது. 92க்குப் பிறகு இவ்வளவு நெருக்கமாக வந்தது இந்த முறைதான்.

[8:58] சேகர்: அப்புறம் சொத்து வரி. மாநிலச் சராசரியே போன வருஷம் 9,800 டாலர். நாட்டிலேயே இதுதான் அதிகம். வீட்டுக் கடன் முடிந்தாலும் இது முடியாது. சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிற மாதிரி. மளிகை ஏறிவிட்டது, கார் இன்சூரன்ஸ் ஏறிவிட்டது. ஜனங்களுக்குக் கோபம் வராதா?

[9:01] நித்யா: சித்தப்பா, அந்தச் சொத்து வரியை வருமான வரியில் கழிக்க 10,000 டாலர் உச்சவரம்பு போட்டதே 2017இல் ட்ரம்ப்தானே? அந்தக் கோபமும் சேர்ந்துதான் 2018இல் இந்த மாநிலத்தில் நாலு அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதி ரிபப்ளிகன் கையைவிட்டுப் போனது.

[9:02] சேகர்: பைடன் நாலு வருஷம் இருந்தாரே, எடுத்தாரா?

[9:03] மீனா: இந்த வீட்டில் மாடியில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கும் நபரை யாராவது கீழே அனுப்புங்கள். இட்லி ஆறுகிறது.

[9:04] ராஜேந்திரன்: சேகர், போய்ச் சாப்பிட்டுவிட்டு வா.

[9:31] கார்த்திக்: பெரியப்பா, அப்பா சாப்பிடுகிற நேரத்தில் நான் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். சதவீதத்தை மறந்துவிடுங்கள், தலையை எண்ணுங்கள். 2020இல் பைடன் வாங்கியது 26 லட்சத்து 8 ஆயிரம். இந்த முறை கமலா 22 லட்சத்து 20 ஆயிரம். ட்ரம்ப் 18 லட்சத்து 83 ஆயிரத்திலிருந்து 19 லட்சத்து 68 ஆயிரத்துக்கு வந்திருக்கிறார்.

[9:32] கார்த்திக்: அதாவது ட்ரம்புக்குக் கூடியது 85 ஆயிரம்தான். டெமாக்ரட் (ஜனநாயகக் கட்சி) பக்கம் குறைந்தது 3 லட்சத்து 88 ஆயிரம்.

[9:35] ராஜேந்திரன்: அப்படியென்றால் அந்த மூணு லட்சம் பேர் எங்கே போனார்கள்?

[9:36] கார்த்திக்: எங்கேயும் போகவில்லை. அதுதான் விஷயம். வீட்டில் இருந்தார்கள்.

[9:38] சேகர்: டேய், கட்சி மாறினவர்களும் உண்டு. பசாயிக் கவுண்டியைப் பார் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). 1992க்குப் பிறகு முதல் தடவையாக ரிபப்ளிகனுக்குப் போயிருக்கிறது. 2020இல் பைடன் அங்கே 16 சதவீதம் முன்னால் இருந்தார்.

[9:40] கார்த்திக்: உண்டுதான். இல்லை என்று சொல்லவில்லை. பசாயிக் நகரத்தில் மெக்சிகோ, டொமினிகன் குடும்பங்கள்தான் அதிகம். அங்கேயே ட்ரம்ப் ஜெயித்தார். ‘லத்தீன் மக்கள் நம் ஓட்டு’ என்று எழுதி வைத்திருந்த கணக்கு அங்கே உடைந்தது. ஆனால் பக்கத்தில் பேட்டர்சன் வேறு கதை. அங்கே மெயின் ஸ்ட்ரீட்டின் ஒரு பகுதிக்கே பாலஸ்தீன் வே என்று பெயர். என்னோடு படிக்கிற பையன் ஒருவன் அந்தத் தெரு. அவன் அப்பா காஸாவை நினைத்து அதிபர் கட்டத்தை மட்டும் வெறுமனே விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் குறி போட்டாராம். அவர் ட்ரம்ப் ஆள் இல்லை.

[9:47] நித்யா: இன்னொன்று அப்பா. நாடு முழுக்க பைடன் நாலரை சதவீதம் முன்னால் இருந்தார், இப்போது ட்ரம்ப் ஒன்றரை முன்னால். ஆக நாடு சாய்ந்தது 6. நியூஜெர்சி சாய்ந்தது 10. ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு கட்சியும் விழுந்து விழுந்து பிரசாரம் செய்த பென்சில்வேனியா? பைடனுக்கு 1.2, இப்போது ட்ரம்புக்கு 1.7. மொத்தமே 3தான்.

[9:48] ராஜேந்திரன்: பணத்தைக் கொட்டிய இடத்தில் கம்மியாகவும் கொட்டாத இடத்தில் அதிகமாகவும் சாய்ந்திருக்கிறது என்கிறாய்.

[9:48] நித்யா: 👆👆 இதற்குத்தான் தபால் இலாகாவில் 36 வருஷம்.

[9:55] லதா: இதை நான் சொல்கிறேன் பெரியண்ணா. இந்த மாநிலத்துக்கென்று பெரிய டிவி சேனல் கிடையாது. வடக்கே நியூயார்க் சேனல், தெற்கே எங்களுக்கு பிலடெல்பியா சேனல். அதனால் செர்ரி ஹில்லில் அக்டோபர் முழுக்க தேர்தல் விளம்பரம் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. எல்லாம் பென்சில்வேனியாக்காரர்களுக்கு! சீரியலுக்கு நடுவே ஆறு விளம்பரம், ஒன்றாவது என்னைப் பார்த்துப் பேச வேண்டுமே. ஆபீசில் பக்கத்து சீட் அம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம். அவர்கள் வீட்டுக் கதவை ஆறு தடவை தட்டினார்களாம். என் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை.

[9:57] சேகர்: பக்கத்து குளோஸ்டர் கவுண்டி ட்ரம்புக்குப் போனதே லதா, கவனித்தாயா?

[9:58] லதா: போனது. அட்லாண்டிக், கம்பர்லேண்டும் போனது. வைல்ட்வுட் கடற்கரையில் மே மாதம் ட்ரம்ப் கூட்டம் போட்டபோது எங்கள் ஆபீசில் எல்லாரும் சிரித்தார்கள். நியூஜெர்சியிலும் ஆடப்போகிறோம் என்றார் அங்கே. நான்கூட, பொழுது போகாமல் வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

[10:04] நித்யா: நான் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லட்டுமா? எனக்கு ஓட்டு கிடையாது, கிரீன் கார்டுதான். ஆனால் தொண்டு வேலை செய்யலாம். மூணு சனிக்கிழமை போனேன். எங்கே? நியூஜெர்சியில் இல்லை. நம் மாநிலத்து ஆட்களையே திரட்டி பென்சில்வேனியா பக்ஸ் கவுண்டிக்கு அனுப்பினார்கள். எடிசனில் சித்தி வீட்டு வாசலில் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து சேர்ந்து போவோம். கடைசியில் பக்ஸிலும் ட்ரம்ப்தான். 300 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசம்.

[10:05] ராஜேந்திரன்: சொந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் பக்கத்து ஊர் வயலுக்கு ஏற்றம் இறைத்திருக்கிறீர்கள்.

[10:06] நித்யா: மாநிலத்தில் ஜெயித்தவருக்கே மொத்தமாகப் போகும் 14 எலெக்டோரல் ஓட்டும் எப்படியும் பைக்குள் இருக்கிறது என்ற தைரியம் அப்பா. அந்தப் பக்கம் 19, அது ஊசலாடுகிறது. கணக்குப் போட்டால் அது தப்பும் இல்லை. 14உம் இந்த முறை கமலாவுக்குத்தானே வந்தது?

[10:11] சேகர்: எச்சரிக்கை மணி அடித்தது 2021இலேயே. கவர்னர் தேர்தலில் டெமாக்ரட் மர்ஃபி 3 சதவீதத்தில் தப்பித்தார். அதே கட்சியின் மாநில செனட் தலைவரை, பெயரே கேள்விப்படாத ஒரு லாரி ஓட்டுநர் தோற்கடித்தார். அப்போதே ‘என்னடா இது’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

[10:13] ராஜேந்திரன்: தங்கக் கட்டியோடு ஒரு செனட்டர் மாட்டினாரே, அது?

[10:16] கார்த்திக்: மெனண்டஸ், அவரும் டெமாக்ரட்தான். லஞ்ச வழக்கில் ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பு, ஆகஸ்டில் ராஜினாமா. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஓட்டுச்சீட்டு பெரியப்பா. உட்கட்சித் தேர்தலில் கவுண்டித் தலைமை யாரைக் காட்டுகிறதோ, அவர்கள் பெயர் எல்லாம் ஒரே வரிசையில் அழகாக வரும். எதிர்த்து நிற்பவர் பெயர் எங்கோ மூலையில். மெனண்டஸ் இடத்துக்கு நின்ற ஆண்டி கிம் வழக்குப் போட்டு, மார்ச்சில் நீதிபதி அதை நிறுத்தினார். இத்தனை வருஷம் வரிசையில் இடம் கிடைத்தால் போதும், ஜெயிப்பு. யார் போய்க் கதவைத் தட்டுவார்கள்? அந்தப் பழக்கமே விட்டுப்போயிருக்கும் என்பது என் எண்ணம்.

[10:18] ராஜேந்திரன்: சரி சேகர், எல்லாக் காரணமும் சொன்னாய். நீ யாருக்குப் போட்டாய்?

[10:21] சேகர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[10:21] ராஜேந்திரன்: கண்ணாடி எடுக்கப் போனேன். அதற்குள் என்ன எழுதி என்ன அழித்தாய்?

[10:22] லதா: நான் பார்த்துவிட்டேன் சின்னண்ணா 😄

[10:22] கார்த்திக்: நானும். அப்பா அந்த 85 ஆயிரத்தில் ஒருவர். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

[10:24] நித்யா: சித்தப்பா!! 2020இல் பைடனுக்குப் போட்டீர்களே!

[10:27] சேகர்: போட்டேன். அதனால் ஆயுளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேனா? 98இலிருந்து வரிசையில் நின்று, காகிதம் காகிதமாகக் கொடுத்துக் குடியுரிமை வாங்கியவன் நான். எல்லையைப் பற்றிப் பேசினாலே முகம் சுளித்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் மீனா கமலாவுக்குப் போட்டுச் சமன் செய்திருப்பாள்.

[10:39] மீனா: 🎤 குரல் செய்தி (1:52)

[10:50] கார்த்திக்: பெரியப்பாவுக்குக் குரல் செய்தி திறக்காது, அதனால் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நான் யாருக்கும் போடவில்லை. போன தடவை கொரோனா என்று எல்லா வீட்டுக்கும் தபால் ஓட்டு வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து நானும் இவரும் நிரப்பினோம். உள் உறையோடு ஒரு தாள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கையெழுத்துப் போட வேண்டும், அதைக் கிழிக்கக் கூடாது. நான் ரசத்தை இறக்கிவிட்டு ஈரக்கையோடு தொட்டு, மை கொஞ்சம் கரைந்துவிட்டது. செல்லாமல் போய்விடுமோ என்று ஹேர் டிரையரில் காய வைத்தேன். இந்தத் தடவை கேட்டு வாங்கினால்தான் வரும். நான் கேட்கவில்லை. அன்றைக்கு லேபில் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை டூட்டி. ஏழரைக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். எட்டு வரை போடலாம். பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். கால் வலி. கமலா எப்படியும் இங்கே ஜெயித்துவிடுவார் என்று எல்லாரும் சொன்னார்கள். உள்ளே வந்து வெந்நீரில் குளித்துவிட்டேன். அக்டோபர் முழுக்க நம் வாசலுக்கு வந்தது சோலார் விற்கிற பையன் மட்டும்தான். ஒருத்தராவது வந்து ‘அம்மா, போடுங்கள்’ என்று கேட்டிருந்தால் போயிருப்பேன்.”

[10:58] நித்யா: சித்தி, மூணு சனிக்கிழமை உங்கள் வாசலில் காரை நிறுத்தினேன். உங்கள் கையால் காபி வேறு குடித்தேன்.

[10:59] மீனா: ஆமாம். நீயும் கேட்கவில்லை.

[11:14] ராஜேந்திரன்: மீனா, இட்லிக்கு என்ன சட்னி?

[11:15] மீனா: கொத்தமல்லி, அத்தான்.

புதன், 5 நவம்பர் 2025

[7:12] ராஜேந்திரன்: சேகர், உங்கள் ஊர் கவர்னர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் 13, 14 சதவீதத்தில் ஜெயித்துவிட்டாராமே! போன வருஷம் மாநிலமே கைமாறப் போகிற மாதிரி பேசினோம்.

[7:20] சேகர்: கவர்னர் தேர்தல் வேறு, அதிபர் தேர்தல் வேறு அண்ணா. பெயர்தான் சீட்டில் இல்லை, ஆனால் ட்ரம்ப் மேல் இருக்கும் கோபத்தைத்தான் பாதிப் பேர் குத்தினார்கள். ஹட்சன் ஆற்று ரயில் சுரங்கப்பாதைத் திட்டமே ரத்து என்றார், ரயிலில் நியூயார்க் போகிறவன் சும்மா இருப்பானா? ஜூனிலிருந்து மின்கட்டணம் வேறு 20 சதவீதம் வரை ஏறிவிட்டது. ஷெரில் அதையே பிடித்துக்கொண்டு, ஏற்றத்தை நிறுத்துவேன் என்றார்.

[7:24] கார்த்திக்: பசாயிக் கவுண்டி திரும்பிவிட்டது பெரியப்பா. 2021இல் மொத்தம் 26 லட்சம் பேர்தான் போட்டார்கள், இந்த முறை 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

[7:26] லதா: செர்ரி ஹில்லில் எனக்கே விளம்பரம் வந்தது. என்னைப் பார்த்துப் பேசினார்கள் 😌

[7:31] மீனா: 📷 படம்

[7:31] நித்யா: ‘ஓட்டுப் போட்டேன்’ ஸ்டிக்கர்!! சித்தி, எப்போது போட்டீர்கள்?

[7:33] மீனா: முன்கூட்டியே போடலாமே, சனிக்கிழமை போய்ப் போட்டேன். பத்து நிமிஷ வரிசை. இந்தத் தடவை வாசலுக்கு மூணு பேர் வந்தார்கள். மூணாவதாக வந்த பையன் வியர்த்துப்போய் நின்றான், மோர் கொடுத்தேன். உப்பு அதிகம் என்றான்.

[7:34] நித்யா: நான் இந்த முறை எடிசனிலேயே தட்டினேன். ஓக் ட்ரீ ரோடுக்குப் பின்பக்கத் தெருக்கள். ஒரு வீட்டில் ஐந்து ஓட்டு இருந்தது, ஒருவருக்கும் தேர்தல் தேதி தெரியவில்லை.

[7:40] ராஜேந்திரன்: சேகர், இந்த முறை நீ?

[7:41] சேகர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:41] ராஜேந்திரன்: கண்ணாடி போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டேன்.