அம்மாவோடு ஸ்கை, லூயிஸ் தீவுகள்: 5 நாள் சுற்றுலா சரிப்படுமா?

கேள்வி: ஜூலையில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து மினிபஸ்ஸில் வழிகாட்டியோடு போகும் சுற்றுலா பார்த்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. தாங்குவார்களா?

பதில்: போன வருஷம் என் மாமியாரை அழைத்துப் போனேன். தைரியமாகக் கூட்டிப் போங்கள். வழியில் வரும் க்ளென்கோ பள்ளத்தாக்கில் 1692-இல், விருந்தாளியாகத் தங்கியிருந்த படைவீரர்களே மெக்டொனால்டு குடும்பத்தாரைக் கொன்ற கதையை வழிகாட்டி சொன்னார். நான் தமிழில் சொன்னதும் அத்தை, "உண்ட வீட்டுக்கே இரண்டகமா?" என்று கண் கலங்கிவிட்டார்கள். அப்புறம் வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கையில் ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் என்ற பாறைத்தூணுக்குச் செங்குத்தான ஏற்றம், முழங்காலுக்கு ஆகாது. கீழிருந்தே நன்றாகத் தெரியும். லூயிஸில் நட்டு நிறுத்திய கலனிஷ் கற்களை மட்டும் விடாதீர்கள். சுமார் 5,000 வருஷப் பழமை, பக்கத்திலேயே போய் நிற்கலாம். ஸ்கையின் யூயிக் துறைமுகத்திலிருந்து லூயிஸ் பக்கத்து டார்பர்ட்டுக்குக் கப்பல் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். வாந்தி மாத்திரை அவசியம்.

சாப்பாட்டுக்குப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு போனோம். ஞாயிறன்று லூயிஸில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கிவிடுங்கள்.

இன்னொருவர்: ஜூலை என்றால் மிட்ஜ் என்ற கடிக்கும் பொடிப் பூச்சி! காற்றில்லாத சாயங்காலம் மொய்த்துவிடும். தலைக்கு வலை வாங்குங்கள். முடிந்தால் மே மாதத்துக்கு மாற்றுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. மே மாதத்துக்கே கேட்டுப் பார்க்கிறேன். புளிக்காய்ச்சல் என்றதும் அம்மா பெட்டியை எடுத்துவிட்டார்கள்.