சின்னக் கடைகளும் டிசைன் படிக்கும் பிள்ளைகளும்: உங்கள் அனுபவம் என்ன?

தேக்கா பக்கத்து ஆள்:
நான் விளம்பர வடிவமைப்புத் துறையில் இருக்கிறேன். கொஞ்ச காலமாக, டிசைன் படிக்கும் மாணவர்களைச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் சின்னக் கடைகளோடு சேர்த்துவிடுகிறேன். தரகு எல்லாம் கிடையாது. மெக்நேலி ஸ்ட்ரீட்டில் இருக்கும் லாசால் கலைக் கல்லூரியிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு நடந்தே வந்துவிடலாம். பென்கூலன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் நாஃபா கலைக் கல்லூரியும் பக்கம்தான். 2024இல் இரண்டும் ஒரே கலைப் பல்கலைக்கழகக் குடையின் கீழ் வந்துவிட்டன. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் நம் பக்கம் வருவது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

காசு பேசாமல் யாரையும் அறிமுகப்படுத்துவதில்லை, இதில் நான் பிடிவாதக்காரன். மாணவர் பாவம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சும்மா கிடைத்த லோகோவைக் கடைக்காரர் பயன்படுத்துவதே இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படியே கிடக்கும். முந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுக்கிறவர் உட்கார்ந்து பதில் சொல்கிறார்: யார் வாங்க வருகிறார்கள், எது அதிகம் ஓடுகிறது, பலகை எதற்கு மாற்ற வேண்டும் என்று. அந்தப் பதில் இல்லாமல் எந்த டிசைனரும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கதையையும் எழுதுங்கள், கசப்பாக இருந்தாலும் சரி.

மசாலாப் பொடி வியாபாரி:
எனக்கு லேபிள் செய்துகொடுத்தது பாலியில், அதாவது பாலிடெக்னிக்கில், படிக்கும் பெண். முதல் வரைவு கறுப்புப் பையில் தங்க எழுத்து, பார்க்கவே அம்சமாக இருந்தது. சேர்மானப் பட்டியல் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி. “அம்மா, இங்கே விற்கிற உணவுப் பொட்டலத்தில் எழுத்து 1.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், எடை அதிகமானது முதலில் வர வேண்டும்” என்றேன். அடுத்த முறை அச்செடுத்த தாளையும் ஸ்கேலையும் சேர்த்தே கொண்டுவந்தாள். கவுன்டரில் வைத்து அளந்து காட்டினாள். “அங்கிள், கடுகு ஒவ்வாமைக்காரர்களுக்குத் தெரிகிற மாதிரி தனி வரியில் போட்டிருக்கிறேன்” என்றாள். அதை நான் கேட்கவே இல்லை! பேசிய தொகைக்கு மேலே ஐம்பது கொடுத்தேன். வேண்டாம் என்றவளிடம், பணம் அனுப்ப பேநவ் எண் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாம் ஆண்டு மாணவி:
என் வகுப்புத் தோழன் சீனப் பையன், தமிழ் தெரியாது. ஒரு தையற்கடைக்குப் பெயர்ப் பலகை செய்தான். கூகுளிலிருந்து ஒட்டிய ‘தையல்’ இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் உடைந்துவிட்டது. ‘தை’யில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, ‘த’வுக்குப் பின்னால் போய்த் தனியாக நின்றது. அவனுக்கு எப்படித் தெரியும்? சன்ஷைன் பிளாசாவில் அச்சுக்குக் கொடுக்கப் போன நேரத்தில் எனக்குப் படம் அனுப்பினான், தப்பித்தோம். அந்த மென்பொருளின் பாராகிராஃப் பேனலில், தெற்காசிய மொழி எழுத்துகளைச் சேர்க்கத் தெரிந்த கம்போஸருக்கு மாற்றினால் சரியாகிவிடும். எல்லாம் சரிபார்த்த பிறகு எழுத்தை அவுட்லைன், அதாவது வெறும் வடிவம், ஆக்கிவிட்டால் அச்சகத்தில் ஃபான்ட் மாறாது. கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அச்சுக்கு முன்னால் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஊரில் எத்தனை பலகையில் இந்தக் கொம்பு தனியாக நிற்கிறது!

காசு வராதவன்:
ஒரு சாப்பாட்டுக் கடைக்கு லோகோ, மெனு, டெலிவரிப் படம் எல்லாம் செய்தேன். முன்பணம் பாதி வந்தது. மீதிக்குப் பதிலே இல்லை. லோகோ மட்டும் கடை வாசலில் ஜம்மென்று எரிகிறது. கேட்டால் “படிக்கிற பையன்தானே, இது உனக்கு ஒரு எக்ஸ்போஷர்” என்கிறார். எக்ஸ்போஷரை பஸ், ரயிலுக்கான ஈஸி-லிங்க் கார்டில் ஏற்ற முடியுமா?

தேக்கா பக்கத்து ஆள்:
தம்பி, விடாதீர்கள். நீங்கள் அங்கே சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் இல்லை. அதனால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதவரை அந்த லோகோவின் காப்புரிமை உங்களுடையதுதான். முதலில் இதை மரியாதையாக எழுதி அனுப்புங்கள், பாதி பேர் அதிலேயே கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனல் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை போகலாம், விண்ணப்பம் ஆன்லைனில். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் விட மாட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள்.

சேலைக் கடை அக்கா:
இது கடைக்காரர்களுக்கும் உதைக்கும் போலிருக்கே. போன வருஷம் ஒரு மாணவரை வைத்துச் சேலைகளைப் படம் எடுத்தோம். காசு முழுசாகக் கொடுத்தாயிற்று. அந்தப் படம் எங்களுடையதில்லையா?

தேக்கா பக்கத்து ஆள்:
2021 நவம்பருக்கு முன்பு, சொல்லி எடுக்க வைத்த படம் பொதுவாக உங்களுடையது. புதுக் காப்புரிமைச் சட்டத்தில் அது எடுத்தவருடையது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. பயப்பட ஒன்றுமில்லை அக்கா, ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். அதே தாளில் தொகை, தேதி, எத்தனை திருத்தம் என்பதையும் எழுதுங்கள். முக்கியமாக, முடிவு சொல்வது யார் என்று. ஒரு கடையில் முதலாளி சரி சொன்ன பிறகு மைத்துனர் நிறம் மாற்றினார், அப்புறம் கோலாலம்பூர் சித்தப்பா வந்தார். பையன் தேர்வே எழுதாமல் போயிருப்பான்.

வெளிநாட்டு மாணவர் என்றால் மாணவர் அனுமதி அட்டையோடு இப்படி வேலை எடுக்கலாமா என்று முதலில் கல்லூரியில் கேட்டுவிடச் சொல்லுங்கள். அதில் விளையாட வேண்டாம்.

சேலைக் கடை அக்கா:
சரி, அப்போ இங்கேயே கேட்கிறேன். தீபாவளிக்கு வாசல் பேனரும் பைக்கு ஒரு டிசைனும் வேண்டும், தமிழும் ஆங்கிலமும். 500 வெள்ளி, பாதி முன்பணம். பாலி பிள்ளைகளுக்கு செப்டம்பரில் லீவு என்றார்கள், அப்போது செய்தால் எனக்கு வசதி. இரண்டு திருத்தம். முடிவு நான்தான் சொல்வேன், என் வீட்டுக்காரர் இல்லை. யார் வருகிறீர்கள்?

மூன்றாம் ஆண்டு மாணவி:
அக்கா, நான் வரலாமா? பை பருத்தியா, காகிதமா? பருத்தி என்றால் ஒரே நிறத்தில் யோசிக்கிறேன், அச்சுச் செலவு குறையும்.