மருத்துவக் காப்பீடும் ஆஸ்பத்திரி பில்லும்: நம் பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

அப்பச்சிக்குப் பித்தப்பையில் கல். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மனதை வருத்தியது பில்தான். வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டிவரும் 3 லட்ச ரூபாய் பாலிசி, பில் 1,74,000. பாலிசிக்குள் அடங்குகிற பில்லுக்குக் கையிலிருந்து ஏன் இவ்வளவு போகிறது என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. வரிவரியாகப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இன்னொரு வீட்டுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எல்லாம் அறை வாடகையில் தொடங்குகிறது. எங்கள் பாலிசியில் ஒரு நாள் வாடகை பாலிசித் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரைதான். அந்த வாடகைக்கு அறை காலியில்லை என்று 5,000 ரூபாய் அறை கொடுத்தார்கள். மிஞ்சுகிற 2,000-ஐ நாம் கட்டினால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு அப்படிப் போவதில்லை. 5,000-க்கு 3,000 என்றால் 60 சதவீதம். டாக்டர் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றிலும் அதே 60 சதவீதம்தான் தருவார்கள். பெரிய அறைக்குப் போனால் ஆஸ்பத்திரி இவற்றுக்கும் சேர்த்துக் கட்டணத்தை ஏற்றுகிறது, அதனால் இந்தக் கழிவு என்பது கம்பெனிகளின் வாதம்.

எங்கள் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அறை வாடகை 20,000-ல் கிடைப்பது 12,000. டாக்டர், தியேட்டர் வகையறா 90,000-ல் கிடைப்பது 54,000. கையுறை, முகக்கவசம் மாதிரிச் சாமான்கள் 6,000, அதற்கு ஒரு பைசா கிடையாது. மீதி 58,000 மருந்தும் பரிசோதனையும். அதிலும் 40 சதவீதம், 23,200 ரூபாயைக் கழித்துவிட்டார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2020-ல் ஐஆர்டிஏஐ (காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) கொண்டுவந்த விதிப்படி மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் எனும் பயன்படுத்தித் தீரும் பொருட்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனை இவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில் அறவே கூடாது.

எந்த வரியில் எவ்வளவு கழித்தார்கள், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். மருந்து, பரிசோதனை வரிகளைச் சுட்டிக்காட்டி கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். 23,200-உம் அக்கவுண்டுக்கு வந்துவிட்டது. மீதி 50,000 எங்கள் கைப்பணம்தான். அதில் அறை வாடகை வித்தியாசம் வெறும் 8,000. அந்த அறை இழுத்துக்கொண்டு வந்தது 36,000. அதனால் அட்மிஷன் போடும்போதே பாலிசியில் அறை வாடகை வரம்பு என்ன என்று பார்த்துவிடுங்கள். அந்த அறை காலியில்லை என்றால் காலியானதும் மாற்றித் தரச்சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கணக்கு எழுதியே வாழ்ந்த மண் இது. 1937-ல் ஐஓபி வங்கியைத் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். பேரேட்டில் ஓரணா இடித்தால் தேடிக் கண்டுபிடிக்காமல் படுக்காத மனிதர்கள் நம் ஐயாமார்கள். ஆஸ்பத்திரி பில்லையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:

காரைக்குடி ஆச்சி சொன்ன கணக்கு சரி. நான் ஒரு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்த்தவன், எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன்.

கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரே பணம் கட்டுவது) கேட்டதும் முதலில் வருவது ஒரு பகுதித் தொகைக்கான அனுமதிதான். இவ்வளவுதானா என்று பலர் அழுதே பார்த்திருக்கிறேன். கடைசி பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் போன பிறகுதான் இறுதித் தொகை வரும். இடையில் டிபிஏவிலிருந்து (கம்பெனிக்காக விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் இடை நிறுவனம்) கேள்வி வரும். வலி எப்போதிலிருந்து, சர்க்கரை எத்தனை வருஷமாக என்று. இங்கேதான் நிறையப் பேருக்குச் சிக்கல். கூட வந்த உறவுக்காரர் விவரம் தெரியாமல் "அது ரொம்ப வருஷமா இருக்குங்க" என்பார். டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிவிடுவார். பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். உண்மையைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் விவரம் தெரிந்தவர் சொல்லட்டும். பாலிசி விடாமல் 60 மாதம் ஓடியிருந்தால் மோசடி என்று நிரூபித்தாலொழிய, நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி நிராகரிக்க முடியாது.

டிஸ்சார்ஜ் அன்று காலையில் டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம்வரை வராந்தாவில் உட்கார வைப்பது பெரிய கொடுமை. 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ விட்ட சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு 1 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் பில் போன 3 மணி நேரத்தில் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்குமேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை கேட்டால் அது கம்பெனி தலையில். ஆனால் பில்லை ஆஸ்பத்திரி எத்தனை மணிக்கு அனுப்பியது என்று கேளுங்கள். பல சமயம் தாமதம் அங்கேதான்.

இன்னொன்று. நெட்வொர்க் ஆஸ்பத்திரி, அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி, கம்பெனியோடு ஒரு விலைப்பட்டியல் பேசி வைத்திருக்கும். அதற்குமேல் போட்ட தொகையைக் கழித்தால் அந்தக் கழிவை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது. எதற்கான பணம் என்று எழுதித் தராமல் கேட்டால் கட்டாதீர்கள்.

ஆத்தங்குடியிலிருந்து:

நாங்கள் கல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். பாலிசி போட வசதியில்லை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால் கிடைக்கும். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் பதிந்தோம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை.

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து, திட்டத்தில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அட்டையை வாங்கிக்கொண்டு, மருந்துக்குத் தனியாக 15,000 கட்டுங்கள் என்றார்கள். அண்ணி தாலிக்கொடியைக் கழற்றிவிட்டார். நல்லவேளை, அங்கிருந்த ஒருவர் 1800 425 3993-க்குப் போன் போடச் சொன்னார். இந்தத் திட்டத்தில் படுக்கை, டாக்டர், மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் சேர்த்துத்தான் ஆஸ்பத்திரிக்கு ஒரே தொகையாகப் போகிறது, நோயாளியிடம் தனியாக வாங்கக் கூடாது என்று போனில் சொன்னார்கள். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. அட்டை வைத்திருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் நகையை அடகு வைக்க ஓடுகிறவர்கள் நம்மவர்கள்தான்.

சென்னையிலிருந்து, சொந்த ஊர் பள்ளத்தூர்:

ஆத்தாவுக்குக் கால் எலும்பு முறிவு. ஊர்ப்பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி, கேஷ்லெஸ் வசதி இல்லை. பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கினேன். மருந்து பில் ஒவ்வொன்றுக்கும் டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே ரிப்போர்ட், பிரித்துப் போட்ட பில், பணம் கட்டிய ரசீது, கேன்சல் செய்த செக் எல்லாம் ஒரிஜினலாகக் கேட்டார்கள். எல்லாவற்றையும் நகல் எடுத்த பிறகே அனுப்புங்கள். எனக்கு ஆபீஸ் பாலிசியும் சொந்தப் பாலிசியும் உண்டு. ஆபீஸ் பாலிசி போக மிஞ்சியதை, அவர்கள் தந்த செட்டில்மென்ட் கடிதத்தை வைத்து இரண்டாவது பாலிசியில் வாங்கினேன். இரண்டு பாலிசி இருந்தும் ஒன்றோடு விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

குறைதீர்ப்பு அதிகாரியும் கைவிரித்தால் என்ன செய்வது, ஆச்சி?

காரைக்குடியிலிருந்து:

தம்பி, 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன், இவர் கம்பெனி ஆள் இல்லை) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். நிராகரித்த கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்திலும் புகார் பதியலாம், 155255-க்குப் போனும் செய்யலாம். எதற்கும் கையில் அந்தக் கழிவு விவரக் கடிதம் இருக்க வேண்டும். ஆத்தாவின் பில்லில் எந்த வரியைக் கழித்தார்கள் என்று இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.