பேரனின் கிளவுஸ்

*நம் வீடு – குடும்பக் குழு*
ஞாயிறு

*அக்கா, காலை 6:42*
[வீடியோ 0:19]
பயல் இன்று கிளவுஸ் மாற்றக் கற்றுக்கொண்டான்! சுவரில் எறிந்து எறிந்து இரண்டு மாதமாகப் பழகுகிறான்.

*அம்மா, 6:50*
என் தங்கமே. கண் கலங்கிவிட்டது. பாவம், ஒரு கையை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறான். சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

*அக்கா, 6:53*
வேண்டிக்கொள்ளுங்கள் அம்மா, ஆனால் பாவம் மட்டும் வேண்டாம். அந்த வார்த்தை அவனுக்கு நன்றாகவே புரிகிறது. அவன் படுக்கைக்கு மேலே ஜிம் அபாட் படம் ஒட்டியிருக்கிறான். அவரைப் போல வரவேண்டும் என்றுதான் எறிகிறான்.

*சித்தப்பா, 6:55*
யாரம்மா அவர்?

*அக்கா, 7:01*
பேஸ்பால் பிட்சர், சித்தப்பா. நம் கிரிக்கெட்டில் பௌலர் மாதிரி. 1967-ல் இதே மிச்சிகனில், ஃபிளின்ட் ஊரில் பிறந்தார். பிறவியிலேயே வலது உள்ளங்கை கிடையாது. நாங்கள் இருக்கும் ஆன் ஆர்பரில்தான் படித்தார், பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா ஜப்பானை வென்றபோது பந்து எறிந்தவர் அவர்தான். மறு வருடமே நேராக ஏஞ்சல்ஸ் என்ற பெரிய தொழில்முறை அணிக்குப் போய்விட்டார்.

*நான், 7:03*
எறிவது சரி அக்கா. அடித்த பந்து முகத்துக்கே திரும்பி வருமே, எப்படிப் பிடிப்பார்?

*அக்கா, 7:08*
வீடியோவை இன்னொரு தடவை பார், அவர் செய்ததைத்தான் பயலும் செய்கிறான். கிளவுஸ் வலது முன்கை நுனியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். இடது கையால் எறிந்த உடனே அதே கையைக் கிளவுஸுக்குள் நுழைத்துவிடுவார். பந்து வந்து விழுந்ததும் கிளவுஸை வலது கைமடிப்பில் நெஞ்சோடு இடுக்கி, இடது கையைப் பந்தோடு உருவி எறிவார். எல்லாம் ஒரே அசைவாகத்தான் தெரியும். பள்ளியில் எதிரணிக்காரர்கள் வேண்டுமென்றே பந்தை மெல்லத் தட்டிவிட்டு இவரைக் குனிய வைத்துப் பார்த்தார்களாம். அதிலும் அவுட் எடுத்தார்.

*நான், 7:10*
பயலுக்குக் கிளவுஸ் ஒரு இடத்தில் நழுவுகிறது. தாடையால் அமுக்கிப் பிடிக்கிறான் பாரேன்!

*அக்கா, 7:10*
அது அவனே கண்டுபிடித்தது ❤️

*அப்பா, 7:15*
பெரிய சாதனை ஏதும் உண்டா அவருக்கு?

*அக்கா, 7:24*
1993 செப்டம்பர் 4, நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக நோ-ஹிட்டர் எறிந்தார் அப்பா. ஒன்பது இன்னிங்ஸ், அதாவது முழு ஆட்டமும், கிளீவ்லேண்ட் அணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளம் சேர்வது) கிடைக்கவில்லை. ஆறு நாள் முன்புதான் அதே அணி அவரைப் பின்னி எடுத்திருந்தது.
ஆனால் மொத்தக் கணக்கு 87 வெற்றி, 108 தோல்வி. 1996-ல் 2 வெற்றி, 18 தோல்வி. பயலிடம் அதையும் மறைக்கவில்லை. “அப்புறம் ஆடினாராம்மா?” என்றுதான் கேட்டான். ஆடினார். 1997 முழுக்க விலகியிருந்துவிட்டு 1998-ல் வந்து ஐந்து ஆட்டம் எறிந்தார், ஐந்தும் வெற்றி.

*அக்கா, 7:31*
இவன் பிறந்த அன்று நான் யாரிடமும் பேசவில்லை, உங்களுக்குத் தெரியும். ஒரு நர்ஸ்தான் அவர் பெயரைச் சொன்னார். அவர் ஆடப் போகும் ஊர்களில் எல்லாம் இப்படிப் பிறந்த பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்து வருவார்களாம். நின்று பேசுவாராம். அவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதிலும் போடுவாராம். அன்று இரவு முழுக்க போனில் அவரைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.
சின்ன வயதில் அவருக்கு ஷூ லேஸ் கட்ட வரவில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் ஒரு கையை மூடி வைத்துக்கொண்டு, மறு கையால் தானே கட்டிப் பழகினார். பழகிய பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

*அம்மா, 7:36*
இனி அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன் கண்ணு. பயலுக்கு லேஸ் கட்ட வருமா?

*அக்கா, 7:37*
இன்னும் இல்லை அம்மா. ஒட்டுகிற ஷூதான் வாங்குகிறோம்.

*அப்பா, 9:20*
[புகைப்படம்]
நான் நடக்கப் போகிற கேன்வாஸ் ஷூ. வலது கையைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு முயன்றேன். லேஸின் ஒரு நுனியை அடி ஓட்டையிலேயே முடிச்சுப் போட்டு நிறுத்திவிட வேண்டும். அப்புறம் மறு நுனி ஒன்றைத்தான் கோத்து இழுக்க வேண்டும். மேலே வந்ததும் கண்ணியாக மடக்கிக் கடைசிக் குறுக்கு லேஸின் அடியில் செருகினால் நிற்கிறது. பயலைக் கூப்பிடு.

*அக்கா, 9:22*
அப்பா, இங்கே நடுராத்திரி. தூங்குகிறான். உங்களுக்குச் சாயங்காலம் 5 மணிக்கு எழுந்திருப்பான்.

*அப்பா, 9:23*
சரி. இறுக்கம் இன்னும் போதவில்லை, அதற்குள் பழகிக்கொள்கிறேன்.