கல்யாணமாகி 7 மாதம், ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. குணமாகுமா?

கேள்வி (திருப்பூர், வயது 29):
பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். முதல் நாளிலிருந்தே சேர்ந்த ஒரு நிமிடத்துக்குள் விந்து வெளியேறிவிடுகிறது. மனைவி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நைட் ஷிப்ட் கேட்டு வாங்குகிறேன். மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவர், சின்ன வயதுக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று சொல்லி 6,500 ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார். 40 நாளாகியும் மாற்றம் இல்லை. யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

பதில் 1:
கவலைப்படாதீர்கள் நண்பா. டபோக்செடின் மாத்திரை மெடிக்கலில் கிடைக்கும். நான் போடுகிறேன், கேட்கிறது.

பதில் 2 (சேலம், வயது 44):
தம்பி, எனக்கு இது 36 வயதில் வந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை, இரண்டு பிள்ளைகள். எட்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் படபடப்பு, எடை குறைகிறது என்று வேறு காரணம் சொல்லித்தான் டாக்டரிடம் போனேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் நடுங்கிக்கொண்டே இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு அதிகமாகச் சுரந்திருக்கிறது.

எழுந்து வரும்போதுதான் தயங்கித் தயங்கி மற்றதைச் சொன்னேன். அவர் உடனே கேட்டது, "ஆரம்பத்திலிருந்தேவா, இடையில் வந்ததா?" இடையில் வந்தால் தைராய்டு, புராஸ்டேட் சுரப்பியில் அழற்சி, விறைப்புக் குறைவு, மன அழுத்தம் என்று காரணம் தேட வேண்டுமாம். தைராய்டு கட்டுக்குள் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆனேன்.

உங்களுக்கு முதலிலிருந்தே இருக்கிறது. அது உடல் அமைப்பு, மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் விதம் சம்பந்தப்பட்டது என்கிறார்கள். கைப்பழக்கத்தால் வருவதில்லை. அந்த ஆள் உங்கள் பயத்தைத்தான் காசாக்கியிருக்கிறார். ஆண்மைக் குறைக்கு மருந்து என்று செய்யும் விளம்பரங்களுக்கு நம் நாட்டில் 1954-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது.

இன்னொன்று, அரை மணி நேரம் என்று நண்பர்கள் அளப்பதை நம்பாதீர்கள். சேர்ந்ததிலிருந்து விந்து வெளியேறும் வரையான நேரத்தை ஐந்து நாடுகளில் தம்பதிகள் கடிகாரம் வைத்து அளந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியானது. அதில் நடு அளவு 5.4 நிமிடம்தான்.

டாக்டர் எனக்கு ஒரு பயிற்சியும் சொன்னார். 1956-இல் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய முறை. இனி தாங்காது என்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். மூச்சை மெதுவாக விட்டு, வேகம் தணிந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். மூன்று தடவை நிறுத்தி, நான்காவதில் விட்டுவிடலாம். முதலில் தனியாக, அப்புறம் மனைவியின் கையால், பிறகுதான் சேர்க்கையில். சில வாரங்கள் பொறுமை வேண்டும். அதனால் மனைவிக்குத் தெரியாமல் இது நடக்காது.

நான் மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுக்கும்போது சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டாமே என்று. அவள் போர்வையை மடித்துக்கொண்டே, "என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று நினைத்தேன்" என்றாள். அந்த எட்டு மாதமும் அவளும் தனியாகத்தான் தவித்திருக்கிறாள்.

பதில் 1 எழுதிய நண்பரே, டபோக்செடின் நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்குத் தலைசுற்றி மயக்கம் வரும். மதுவோடு சேரக் கூடாது. இதய நோய் இருந்தாலோ மனச்சோர்வு மாத்திரை எடுத்தாலோ ஆபத்து. டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது அது.

கேள்வி கேட்டவர் (6 நாள் கழித்து):
அண்ணா, ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். "நைட் ஷிப்ட் இதற்காகத்தானா?" என்று கேட்டாள், அழுதுவிட்டாள். புதன்கிழமை யூராலஜி ஓபிக்கு இரண்டு பேரும் போகிறோம். பாதி லேகியம் மிச்சம் இருக்கிறது. என்ன செய்ய?

பதில் 2:
இனி ஒரு வாய்கூடச் சாப்பிட வேண்டாம் தம்பி. டப்பாவோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த மாதிரி லேகியத்தில் இங்கிலீஷ் மருந்தைக் கலந்து விற்பதும் உண்டு. லாட்ஜ் வைத்தியரிடம் போனதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.