புதுப்பிப்பு: இரண்டாவது கணினியைப் போட்டால் நெட் அறுந்த சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டது: ஒரு கணினி ஓடினால் நெட் வருகிறது, இரண்டாவதையும் போட்டால் ஏதாவது ஒன்றில் போய்விடுகிறது.

லைனில் குறையில்லை. ஃபைபர் மோடம், மாடியில் இருக்கும் பழைய ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே முகவரி, 192.168.1.1. டிஎச்சிபியும் (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) இரண்டிலும் ஓடியது. எது முந்திப் பதில் சொல்கிறதோ அதற்கே கணினி டேட்டாவை அனுப்பும். மாடி ரவுட்டரிடம் போனால் வெளியே வழி கிடையாது.

மாடி ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியில் செருகி, முகவரியை 192.168.1.2 ஆக்கிவிட்டு, அதன்பிறகே டிஎச்சிபியை அணைத்தேன். வரிசை மாறினால் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழையவே கணினிக்குக் கையால் ஐபி (முகவரி எண்) போட வேண்டிவரும். மோடத்திலிருந்து வரும் வயரை மாடி ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணைப்புக்கானது) போர்ட்டில் அல்ல, லேன் (LAN, வீட்டுக் கணினிகளுக்கானது) போர்ட்டில் செருகினேன். மோடத்தின் டிஎச்சிபி வரம்பை 192.168.1.10இலிருந்து தொடங்க வைத்தேன். இல்லாவிட்டால் மாடி ரவுட்டருக்கு வைத்த அந்த 2ஆம் எண்ணை மோடம் வேறு ஏதாவது கணினிக்குக் கொடுத்துவிடலாம்.